மீட்டருக்கு இப்பால் நம் பொறுப்பு



தோட்டத்து லயத்தில் குடியிருந்தவரை தண்ணீர்க் குழாயைப் பற்றி நம்மவர்கள் அதிகம் கவலைப்பட்டதில்லை. பைப்பு ஒழுகினால் கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம். இன்றோ நாளையோ தோட்டத்து ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் வரத் தாமதமானால் முணுமுணுப்போமே தவிர, நம் கைப்பணம் செலவாகாது. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. லயத்து வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை.

ஆனால் ஓய்வு பெற்ற பின், ஊழியர் சேமநிதிப் பணத்தையும் பிள்ளைகளின் சம்பாத்தியத்தையும் சேர்த்து, பட்டணத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேறுகிறோம். கிள்ளானில், தைப்பிங்கில், தெலுக் இந்தானில், சுங்கை சிப்புட்டில் இப்படி வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். வீட்டுப் பட்டா நம் பெயருக்கு மாறும் அன்றே குழாயும் நம் பெயருக்கு மாறிவிடுகிறது. இனி சொல்லி வைக்கக் கிராணி இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டின் குழாய் சுவருக்குள்ளே துருப்பிடித்துக் கிடப்பது வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. குடிபுகுந்து மூன்றாம் மாதம் தண்ணீர்ப் பில் வரும்போதுதான் தெரியும். பாடுபட்டுச் சேர்த்த பணம் அப்படிச் சொட்டுச் சொட்டாக ஒழுகிப் போகாமல் காப்பது எப்படி, யாரிடம் அனுமதி பெறுவது, எங்கே சலுகை கேட்பது என்பதைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

எல்லாவற்றுக்கும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஓர் எல்லைக்கோடு. நிலத்துக்கு வேலி இருப்பதுபோல் தண்ணீருக்கும் எல்லை உண்டு. அந்த எல்லைதான் மீட்டர். சாலைக்கு அடியில் ஓடும் பெரிய குழாயும், அதிலிருந்து மீட்டர் வரை வரும் குழாயும், மீட்டரும் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் குழாய், தொட்டி, பைப்பு அனைத்தும் வீட்டுக்காரரின் பொறுப்பு. மீட்டருக்கு அப்பால் உடைந்தால் ஒரு தொலைபேசி அழைப்போடு நம் வேலை முடிந்தது. மீட்டருக்கு இப்பால் உடைந்தால் ஒழுகிய தண்ணீருக்கும் நாமே காசு கட்ட வேண்டும், பழுதுபார்க்கவும் நாமே செலவு செய்ய வேண்டும். இந்தக் கோட்டை அறியாதவர்களில் சிலர், நிறுவனம் இலவசமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு யாரோ ஒருவருக்குப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். வேறு சிலரோ, தாமே செய்ய வேண்டிய வேலைக்கு நிறுவனத்தை எதிர்பார்த்து மாதக்கணக்கில் தண்ணீரை வீணாக்குகிறார்கள்.

மக்கள் இன்னும் 'தண்ணீர் இலாகா' என்றே சொல்கிறார்கள். இப்போது ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு நிறுவனமோ வாரியமோ இந்த வேலையைப் பார்க்கிறது. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் ஆயர் சிலாங்கூர், பேராக்கில் பேராக் நீர் வாரியம், நெகிரி செம்பிலானில் சாயின்ஸ், ஜொகூரில் ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. என்று பெயர்கள் வேறுபடும். தீபகற்ப மலேசியாவில் இவற்றையெல்லாம் மேற்பார்வையிடுவது ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம். 2006ஆம் ஆண்டின் 655ஆம் சட்டம், அதாவது நீர்ச் சேவைத் தொழில் சட்டம், 2008 ஜனவரி 1ஆம் தேதி முதல் நடப்பில் இருக்கிறது.

இனி, பழைய வீட்டை வாங்கும் கட்டத்துக்கு வருவோம். விற்பவரிடம் கடைசியாக வந்த தண்ணீர்ப் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாக்கி இருந்தால், அதைத் தீர்த்த ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். சாவியை வாங்கும் நாளன்று மீட்டரில் தெரியும் எண்ணைக் குறித்து, முடிந்தால் கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். பிறகு தாமதிக்காமல் விற்பனை ஒப்பந்தத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் நிறுவனத்துக்குப் போய்க் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வைப்புப் பணம் கட்டச் சொன்னால் அந்த ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். பெயரை மாற்றாமல் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே பில் கட்டி வருவோர் பலர் உண்டு. நாளைக்குச் சலுகை கேட்கவோ, பில்லில் தவறு இருந்தால் எடுத்துச் சொல்லவோ போனால், "கணக்கு உங்கள் பெயரில் இல்லையே!" என்ற பதில்தான் கிடைக்கும்.

வீட்டின் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சுவரை உடைக்காமலே ஓரளவு அறியலாம். பழைய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் போட்டிருப்பார்கள். காலப்போக்கில் பூச்சு தேய்ந்து, உள்ளே துரு ஏறி, தண்ணீர் போகும் வழி குறுகிவிடும். காலையில் முதலில் திறக்கும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து சற்று நேரத்தில் தெளிகிறதா? அது பெரும்பாலும் துருவின் அடையாளம். தண்ணீர் மெல்லிய நூலாக வருகிறதா? அப்போது மீட்டருக்கு மிக அருகில் உள்ள பைப்பைத் திறந்து பாருங்கள். அங்கும் தண்ணீர் மெதுவாகவே வந்தால், பக்கத்து வீட்டிலும் விசாரித்துவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அங்கே வேகமாக வந்து சமையலறையில் மட்டும் மெதுவாக வந்தால், குறை நம் வீட்டுக் குழாயில்தான். இந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்தது கசிவுச் சோதனை. இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். மீட்டரில் கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர், பெரியவர்கள் பழகிய கணக்கில் ஏறக்குறைய 220 கேலன். சிவப்பு எண்களும் சிறு முள்ளும் அதற்குக் குறைந்த அளவைக் காட்டும். இரவு படுக்கப் போகும்முன் எல்லாப் பைப்புகளையும் மூடி, தொட்டி நிரம்பிவிட்டதா என்றும் பார்த்து, எண்ணைக் குறிக்க வேண்டும். யாரும் தண்ணீர் எடுக்காமல் இருந்து, விடியற்காலையில் மறுபடி பார்க்க வேண்டும். எண் மாறியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

ஒழுகும் இடம் எது? கழிப்பறைத் தண்ணீர்ப் பெட்டியை முதலில் சந்தேகிக்கலாம். பெட்டிக்குள்ளே பலகாரத்துக்குப் போடும் வண்ணத்தைக் கொஞ்சம் கலந்துவிட்டு அரை மணி நேரம் யாரும் தண்ணீர் இழுத்துவிடாமல் இருங்கள். கீழே கோப்பையில் வண்ணம் தெரிந்தால், பெட்டியின் அடியில் உள்ள ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. பெட்டியும் பைப்புகளும் நன்றாக இருந்தும் மீட்டர் ஓடினால், சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ குழாய் கசிகிறது என்று கொள்ளலாம்.

'கொஞ்சந்தானே ஒழுகுகிறது!' என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1,440 லிட்டர். முப்பது நாளில் ஏறத்தாழ 43 கன மீட்டர். சிலாங்கூரில் 2024 பிப்ரவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த வீட்டுக் கட்டணம், முதல் 20 கன மீட்டருக்கு ஒன்றுக்கு 65 காசு, அடுத்த 15க்கு ஒன்றுக்கு 1 வெள்ளி 32 காசு, அதற்கு மேல் ஒன்றுக்கு 2 வெள்ளி 63 காசு என்று இருந்தது. மாதம் 20 கன மீட்டர் பயன்படுத்தும் குடும்பம் அந்தக் கட்டணத்தில் 13 வெள்ளி கட்டியிருக்கும். ஒழுகிய 43ஐயும் சேர்த்தால் 63 கன மீட்டர். முதல் 20க்கு 13 வெள்ளி, அடுத்த 15க்கு 19 வெள்ளி 80 காசு, மீதி 28க்கு 73 வெள்ளி 64 காசு. ஆக மொத்தம் 106 வெள்ளி 44 காசு! தண்ணீர் மூன்று மடங்குதான் கூடியது. பணமோ எட்டு மடங்கு ஆகிவிட்டது. பயன்பாடு கூடக் கூட, ஒரு கன மீட்டரின் விலையும் படிப்படியாக ஏறுவதே இதற்குக் காரணம். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். ஆகவே உங்கள் பில்லில் அச்சிட்டிருக்கும் கட்டணத்தை வைத்தே இந்தக் கணக்கைப் போடுங்கள். பெட்டிக்குள் போடும் ஒரு ரப்பர் மூடியின் விலையோடு அதை ஒப்பிட்டும் பாருங்கள்.

குழாயையே மாற்ற வேண்டியிருந்தால் செலவைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். ஒரே வயதுடைய குழாய் ஓரிடத்தில் உடைந்தால் மற்ற இடங்களும் உடையக் காத்திருக்கின்றன என்பதே பொருள். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுச் செலவழிப்பதைவிட, ஒரு பகுதியை முழுமையாக மாற்றுவது மேல். மொத்த வீட்டுக்கும் ஒரே நேரத்தில் பணம் இல்லையென்றால் படிப்படியாகச் செய்யலாம். முதலில் மீட்டரிலிருந்து சமையலறைக்கும் தொட்டிக்கும் போகும் குழாய், அடுத்தது தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாய். குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் பைப்பு தொட்டியிலிருந்து வராமல் நேராக வெளிக் குழாயிலிருந்து வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேலையோடு வேலையாக மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாப் வால்வும் வைத்துவிட்டால், நாளை ஏதேனும் உடைந்தாலும் ஒரு திருகலில் தண்ணீரை நிறுத்திவிடலாம்.

கூலி எங்கே ஏறுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சுவரை உடைத்துக் குழாயைப் புதைப்பதும், பிறகு சிமெந்து பூசி டைல்ஸ் ஒட்டுவதும்தான் பணத்தைத் தின்னும் வேலை. பழைய குழாயைச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு, புதிய குழாயைச் சுவரின் மேலே கொக்கி போட்டுக் கொண்டுபோனால் செலவு வெகுவாகக் குறையும். பார்வைக்குக் கொஞ்சம் அழகு குறையலாம். ஆனால் பின்னால் கசிந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் குழாயானால் தண்ணீர்க் குழாய்க்குரிய எம்.எஸ். 628 என்ற தர எண் அதன்மேல் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கழிவுநீருக்கான மெல்லிய குழாயைக் குடிநீருக்குப் போட இடங்கொடாதீர்கள். மேலே உள்ள பழைய தொட்டி ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருந்தால் அதை நீங்களாக அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது குறைந்தது மூன்று பேரிடம் எழுத்து மூலமாக விலை கேளுங்கள். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுப்பதை ஏற்க வேண்டாம். குழாய் எத்தனை அடி, என்ன வகை, பைப்பு எத்தனை, கூலி எவ்வளவு, உடைத்த சுவரைப் பூசிக்கொடுப்பது சேருமா, குப்பையை அள்ளிப்போவது சேருமா, வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். அப்போதுதான் மூன்றையும் ஒப்பிட முடியும். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள். சாமான் வாங்க ஒரு பகுதி, பாதி வேலையில் ஒரு பகுதி, மிச்சம் வேலை முடிந்து, எல்லாப் பைப்புகளையும் மூடி, மீட்டர் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகு!

அடுத்து அனுமதி விஷயம். மூன்று இடங்களில் அனுமதி என்ற சொல் வருகிறது.

முதலாவது, வேலை செய்பவரின் அனுமதி. வீட்டுத் தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர் ஸ்பான் ஆணையத்தின் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். பைப்புக்காரரிடம் பெர்மிட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதன் எண்ணையும் காலாவதித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வேலை தெரிந்தவர் முகம் சுளிக்காமல் காட்டுவார். வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலையை வீட்டிலுள்ளவர்களே செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, தண்ணீர் நிறுவனத்தின் அனுமதி. மீட்டரை இடம் மாற்றுவது, புதிய இணைப்பு எடுப்பது இரண்டும் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தே செய்ய வேண்டியவை. மீட்டரைத் தொடுவதும், மீட்டருக்கு முன்னால் குழாய் பிரிப்பதும் குற்றம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று மோட்டாரை நேராக வெளிக் குழாயில் பூட்டி உறிஞ்சுவது சட்டப்படி கூடாது. அது பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் இழுத்துவிடும். எங்காவது கசிவு இருந்தால் வெளியில் கிடக்கும் அழுக்கு நீரையும் குழாய்க்குள் உறிஞ்சிவிடும். மோட்டார் தேவையானால் தண்ணீரை முதலில் ஒரு தொட்டியில் பிடித்து, அதிலிருந்தே ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, நகராண்மைக் கழகத்தின் அனுமதி. இருக்கும் குழாயை மாற்றுவதற்குக் கட்டடத் திட்டம் வரைய வேண்டியதில்லை. ஆனால் குழாய் வேலையோடு சேர்த்துப் பின்பக்கம் ஒரு சமையலறை இழுப்பது, புதிதாகக் குளியலறை கட்டுவது என்றால் கதை வேறு. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, கட்டத் தொடங்குமுன் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். "இங்கே எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்" என்று கட்டித் தருபவர் சொல்லுவார். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தாலோ அது அவர் பெயருக்கு வராது, வீட்டுக்காரர் பெயருக்கே வரும்.

அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்கு ஒரு சொல். உங்கள் வீட்டுக் கூரைத்தளம் நனைந்து ஒழுகினால் மேல் வீட்டாரோடு சண்டைக்குப் போக வேண்டாம். நிர்வாகத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 2015ஆம் ஆண்டின் விதிகளின்படி, அவர்கள் ஏழு நாளுக்குள் வந்து சோதிக்க வேண்டும், சோதித்தபின் காரணத்தை எழுதித் தர வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை கசிவு மேல் வீட்டிலிருந்தே வருகிறது என்று சட்டம் கொள்கிறது.

இனிச் சலுகைகள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது இங்கே முற்றிலும் பொருந்தும். சிலாங்கூரில் 2008ஆம் ஆண்டு முதல், தனி மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசமாகக் கிடைத்து வந்தது. 2020 மார்ச் முதல் அது எல்லாருக்கும் இல்லை என்று ஆயிற்று. வருமானம் குறைந்த குடும்பங்கள் மட்டும், அதுவும் விண்ணப்பம் செய்தால்தான் பெறலாம் என்று மாற்றினார்கள். முன்பு தானாகக் கிடைத்ததால், இப்போதும் கிடைக்கும் என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டவர்கள் உண்டு. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காவிட்டால் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். மற்ற மாநிலத்தவர்கள், ஈகாசி வறியோர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் கட்டணச் சலுகை உண்டா என்று தங்கள் நிறுவனத்தில் நேரில் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

தரைக்கு அடியில் தெரியாமல் கசிந்து பில் ஏறிவிட்டால் அதற்கும் கழிவு கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வெறும் வாய்ச்சொல் போதாது. ஒழுகிய இடத்தின் படம், பழுதுபார்த்தவரின் ரசீது, பெர்மிட் எண், சரிசெய்தபின் மீட்டர் காட்டும் எண், முந்தைய மாதங்களின் பில்கள் ஆகியவற்றோடு, தாமதிக்காமல் எழுதிக் கொடுங்கள். விதி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கண்ணெதிரே மாதக்கணக்கில் ஒழுகிய பைப்புக்குக் கழிவு கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்? நிறுவனத்தின் பதிலில் நியாயம் இல்லையென்று தோன்றினால் ஸ்பான் ஆணையத்துக்கு எழுதலாம்.

பைப்புக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டால் என்ன செய்வது? பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் ஐந்தே வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. தகராறு எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஆனால் அங்கும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான். விலை எழுதிய தாளும் ரசீதும் இருந்தால் நம் பக்கம் பலம்.

ஆகவே நேயர்களே, ஒரு பழைய பிஸ்கட் டின்னையோ கோப்பையோ எடுத்து வையுங்கள். அதில் தண்ணீர்ப் பில்கள், வைப்புப் பண ரசீது, விலைப்பட்டியல், பெர்மிட் எண், வேலை ரசீது எல்லாம் சேரட்டும். மாதத்துக்கு ஒரு முறை மீட்டரைப் படித்து நோட்டில் எழுதும் வேலையைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் கொடுங்கள். பெருக்கலும் வகுத்தலும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. லயத்தில் இருந்தபோது தண்ணீர் முதலாளியின் கணக்கில் ஓடியது. இன்று அது நம் கணக்கில் ஓடுகிறது. வீடு நம்முடையது என்ற பெருமை நமக்கு வந்திருக்கிறது. அந்த வீட்டின் கணக்கையும் நாமே பார்த்துக்கொள்வோம்.